ஒலி அடங்காத வகுப்பறை

பல்கலைக்கழக வகுப்பறை ஒன்றைப் புதுப்பிக்க வேண்டுமெனில், இன்று நாம் முதலில் எண்ணுவது மின்திரை, ஒலிபெருக்கி, கண்காணிப்புக் காமிரா, வலிய பூட்டு ஆகியவற்றையே. கடைசி வரிசை மாணவனுக்கு ஆசிரியரின் சொல் தெளிவாகக் கேட்கிறதா என்னும் வினா பின்தங்கிவிடுகிறது. அவ்வினாவிலிருந்து ஒரு தனிச் சாத்திரமே பிறந்த வரலாற்றை இங்கே காண்போம்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895ஆம் ஆண்டில் ஃபாக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. கட்டடம் புதியது, அதன் விரிவுரை மண்டபமோ பயன்படாததாயிற்று. ஆளில்லாத மண்டபத்தில் எழுப்பிய ஒலி ஐந்தரை நொடிக்கு மேல் அடங்காமல் நின்றது. அதற்குள் பேசுபவர் பத்துப் பதினைந்து சொற்களைச் சொல்லிவிடுவார். அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பின. இதனை எதிரொலி என்று மொழிபெயர்த்துவிடுவது எளிது. ஆனால் எதிரொலி சொல்லைத் திருப்பித் தரும். இதுவோ சொல்லைக் கரைத்துவிடும். எதிர்முழக்கம் என்பதே பொருந்தும்.

இக்குறையை நீக்குமாறு பல்கலைக்கழகத் தலைவர் எலியட், 27 வயதான பௌதிக ஆசிரியர் வாலஸ் சபைனிடம் கூறினார். அங்கேயே சாண்டர்ஸ் அரங்கு என்று ஒன்று உண்டு. அதில் பேச்சு நன்றாகக் கேட்டது. அவ்வரங்கின் இருக்கை மெத்தைகளைச் சபைன் இரவில் கொணர்ந்து, மண்டபத்தில் சிறிது சிறிதாகப் பரப்பினார். ஆர்கன் குழல் ஒன்றை ஒலித்து நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். தெருவோசை ஓய்ந்த நள்ளிரவுக்குப் பின்னரே இவ்வேலை நடக்கும். விடியுமுன் மெத்தைகள் தம் இடம் சேர்ந்தாக வேண்டும். 8.2 மீட்டர் நீள மெத்தை வந்ததும் 5.62 நொடி 5.33 ஆகக் குறைந்தது. எல்லா மெத்தைகளும் வந்தபோது ஒரு நொடிக்குச் சற்றே மிகுதி.

அளப்பவரின் உடையும் ஒலியை உறிஞ்சுகிறது என்பது பின்னரே அவருக்குப் புலனாயிற்று. அதுவரை எடுத்த ஆயிரக்கணக்கான அளவுகளைத் தள்ளிவிட்டு, ஒரே வகை உடையணிந்து மீண்டும் தொடங்கினார். எழுதி முடித்த பதிவேட்டைத் தாமே கிழித்தெறியும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு வரும்?

1898இல் விதி கிட்டியது: அறையின் கன அளவு பெருகப் பெருக முழக்கம் நீளும், உறிஞ்சும் பொருள் பெருகப் பெருகக் குறுகும். இவ்விதியைத் துணைக்கொண்டே 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி மண்டபம் அமைந்தது. ஃபாக் மண்டபத்துக்குக் கிடைத்ததோ, சுவர்களில் பொருத்திய தடித்த கம்பளித் துணி மட்டுமே. அதன்பின் அங்கே விரிவுரைகள் கேட்டன. அக்கட்டடம் 1973இல் இடிக்கப்பட்டது. ஒலி உறிஞ்சலை அளக்கும் அலகு இன்றும் ‘சபின்’ என்றே வழங்குகிறது.