தமிழ்ப்பள்ளிகளில் தொடக்கநிலை அறிவியல்: பயிற்றுமொழி மாற்றமும் ஆசிரியர் பயிற்சியும்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் தனிப்பாடமாக நிலைபெற்றது அண்மைக் காலத்தில்தான். 1983இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த கே.பி.எஸ்.ஆர். கலைத்திட்டத்தில் அறிவியல், வரலாறு, புவியியல் ஆகியன 'ஆலாம் டான் மனுசியா' என்னும் ஒரே பாடத்துள் அடங்கியிருந்தன. 1990களில் அறிவியல் தனிப்பாடமாகி, யு.பி.எஸ்.ஆர். தேர்விலும் இடம்பெற்றது. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியாயினும் கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளியாயினும் அன்று பயிற்றுமொழி தமிழே.

2003 சனவரியில் இந்நிலை மாறியது. அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் முதலாம் ஆண்டில் தொடங்கி, 2008இல் ஆறாம் ஆண்டை எட்டியது. உலகளாவிய அறிவை மாணவர் நேரடியாகப் பெறவேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்நோக்கத்தை நாம் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் அதன் சுமை ஆசிரியர்மீதே விழுந்தது. தமிழில் கற்பித்துப் பழகியவர், மடிக்கணினி, ஒளிபடக்காட்டி, குறுவட்டு ஆகியவற்றின் துணையுடன் ஆங்கிலத்தில் பாடம் நடத்த வேண்டியவரானார். அவருக்கென நடத்தப்பட்ட 'ஈட்டெம்ஸ்' பயிற்சி பெரிதும் ஆங்கில மொழித்திறனையே மையமாகக் கொண்டது.

இங்கு நாம் எழுப்பவேண்டிய வினா ஒன்றுண்டு. அறிவியல் வகுப்பில் ஆசிரியருக்கு முதலில் வேண்டுவது எது? பனிக்கட்டியிட்ட குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் படிவதைக் காட்டினால், குவளை கசிகிறது என்று கூறும் சிறுவர் பலர். அது தவறன்று; சிந்தனையின் தொடக்கம். உடனே கலைச்சொல்லைக் கூறி மனனம் செய்விப்பது எளிது. மாறாக, நீரில் வண்ணம் கலந்தால் வெளியே படியும் துளிகளும் வண்ணமாக இருக்குமா என வினவி, அவர்களையே செய்து பார்க்க வைப்பதே கற்பித்தல். துளிகள் நிறமற்றிருப்பதைக் கண்ட மாணவர், அந்நீர் காற்றிலுள்ள நீராவியிலிருந்து வந்தது என்னும் முடிவை நோக்கி நகர்வர். இவ்வாறு ஊகிக்கவும் மறுக்கவும் காரணம் கூறவும் மாணவருக்குத் தடையற்ற மொழி தேவை. முதலாம் ஆண்டுக் குழந்தைக்கு அம்மொழி பெரும்பாலும் வீட்டுமொழியே எனலாம்.

2009 சூலை 8ஆம் நாள் கல்வியமைச்சு இத்திட்டத்தைக் கைவிடும் முடிவை அறிவித்தது. அதன்படி, தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் மீண்டும் தமிழுக்குத் திரும்பியது. ஆசிரியர் மறுபடியும் கலைச்சொற்களைப் புதுப்பித்துக்கொள்ள நேர்ந்தது. 2016இல் அறிமுகமான இருமொழித் திட்டம் ஆங்கிலத்திற்கு மீண்டும் வாயில் திறந்தபோது, தமிழ்ப்பள்ளிகள் அதனை ஏற்பது குறித்துக் கடும் விவாதம் எழுந்தது. இதற்கிடையே, தமிழில் அறிவியல் பயிலும் மாணவர் இடைநிலைப்பள்ளியில் வேறு மொழியில் அதனைத் தொடரவேண்டிய சிக்கலும் தீரவில்லை.

ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எம்மொழியில் என்பதையே நாம் விவாதித்தோம்; எவ்வாறு என்பதை அந்த அளவுக்கு விவாதித்தோமில்லை. தாய்மொழியில் கற்பித்தாலும் மனனமே நிகழுமாயின் மாணவர் பெறும் பயன் சிறிதே. ஆகவே, மாணவரின் பிழையான விளக்கத்தைச் செவிமடுத்து அதிலிருந்து அடுத்த வினாவை உருவாக்கும் திறனே ஆசிரியர் பயிற்சியின் மையமாக அமைதல் வேண்டும். அண்டைப் பள்ளிகளின் ஆசிரியர் ஒருவர் வகுப்பை மற்றவர் கண்டு கலந்துரையாடுவது அதற்கு ஏற்ற தொடக்கமாகும். பயிற்றுமொழி இனியும் மாறக்கூடும்; ஆயினும் இத்திறன் கைவரப்பெற்ற ஆசிரியரின் வகுப்பில் மாணவரின் வினா நின்றுபோகாது.