பஞ்சுத்தூசும் மூச்சும்: ராஜபாளையம் வட்டாரத்துத் தொழில்நோய் ஒன்றின் வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையடியில் அடுத்தடுத்து அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், பின்னர் இராமநாதபுரம் மாவட்டத்திலும் இருந்து, 1985 முதல் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆட்சி எல்லைகள் இப்படி மாறிவந்தாலும், கிழக்கே விரியும் கரிசல் நிலத்தின் பருத்தி இவ்விரு ஊர்களையும் விடாமல் பிணைத்து வைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள பருத்தி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்கள் ஊரின் பெயரைச் சுருக்கி எஸ்.வி.பி.ஆர். என்றே வழங்குகின்றன. அப்பருத்தியை நூலாக்கும் ஆலைத்தொழில், 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து இவ்வட்டாரத்தில் வேரூன்றியது.

இரண்டாம் உலகப்போர் மூண்ட 1939இல் அதே ஊரில் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் தோன்றியது. பருத்தி இழையின்மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகு படிந்திருப்பதால் அது நீரை ஏற்காது. காஸ்டிக் சோடாக் கரைசலில் அழுத்தத்துடன் வேகவைத்து மெழுகை நீக்கி வெளுத்த பின்னரே அது இரத்தத்தையும் சீழையும் உறிஞ்சும் மருத்துவப் பஞ்சாகிறது. அத்தகைய பஞ்சை நீரில் இட்டால் சில நொடிகளுக்குள் மூழ்க வேண்டும் என்பது மருந்தியல் நெறிநூல்களின் விதி. அருகிலுள்ள சத்திரப்பட்டி, தறியில் நெய்யும் பேண்டேஜ் துணிக்கு நாடெங்கும் பெயர்பெற்ற ஊராக வளர்ந்தது.

புண்ணாற்றும் பொருளுக்கு இவ்வளவு நுட்பமான அளவுகோல் இருந்தபோது, அதே பஞ்சைக் கையாண்டவரின் மூச்சுக்கு அளவுகோல் மிகத் தாமதமாகவே வந்தது. இது ராஜபாளையத்துக்கு மட்டும் உரிய குறையன்று. சணல், ஆளி நார்களைச் சீவுவோரின் இருமலை இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700இலேயே எழுதியிருந்தும், பஞ்சாலைத் தொழிலாளரின் மூச்சுக்கோளாற்றை மருத்துவர் ஷில்லிங் இங்கிலாந்தின் லங்காஷயரில் படிநிலைகளாக வகுத்தது 1950களில்தான். பிசினோசிஸ் எனப்படும் இந்நோய், பறிக்கும்போது பஞ்சோடு சேர்ந்துவரும் இலைச்சருகும் காய்த்தோலும் பொடியாகி, அவற்றில் ஒட்டியுள்ள நுண்ணுயிரிகளின் நச்சு மூச்சுக்குழலை இறுகச் செய்வதால் உண்டாகிறது. ஆகவே பேல் பிரித்துப் பஞ்சைத் தட்டும் புளோ ரூமிலும், சிக்கெடுத்து இழைகளை நேராக்கும் கார்டிங்கிலும் ஆபத்து மிகுதி. நூலை முறுக்கும் ரிங் பிரேமை அடைவதற்குள் தூசின் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. கார்டிங் எந்திரத்தின் கம்பிப் பற்களில் சிக்கிய கழிவை நாள்தோறும் பலமுறை உருவியெடுக்கும் ஸ்ட்ரிப்பிங் வேலையே முற்காலத்தில் தூசு மிகுந்ததாக இருந்தது. உலோகப் பல்லுறைகளும் உறிஞ்சுகுழாய்களும் வந்தபின் அவ்வேலை அருகியது.

நோயின் அடையாளம் விந்தையானது. வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகி, மூச்சு முட்டி, வாரம் நகர நகரத் தணியும். ஆண்டுகள் பல சென்றபின் வேலைநாள் எல்லாவற்றிலும் நீடிக்கும். இறுதியில் ஆலையை விட்டு நீங்கினாலும் தீராது. மேலைநாட்டு நூல்கள் இதைத் திங்கட்கிழமையோடு இணைத்துப் பேசுகின்றன. ஆனால் மூன்று ஷிப்டாக இடைவிடாது ஓடும் ஆலைகளில் விடுமுறை ஆளுக்கொரு நாளாக மாறி வருவதாலும், பதிலித் தொழிலாளர்க்கு வேலைநாளே சீராக அமையாததாலும், அந்த வாரச்சுழற்சி கண்ணில் படாமல் மறைந்துவிடும். எக்ஸ்ரேயிலும் தனி அடையாளம் தெரியாது; அதனால் இளைப்பு, பீடிக்காரர் இருமல், சில வேளை காசநோய் என்றும் அது பெயர்மாறிப் போகும். மூச்சு முட்டியவர் தாமாகவே வேலையை விட்டு விலகிவிட, எஞ்சிய திடகாத்திரரையே எண்ணிப் பார்த்தமையும், இந்திய ஆலைகளில் இந்நோய் அரிது என்ற கருத்து நெடுநாள் நிலவியதற்கு ஒரு காரணமாகக் கொள்ளத்தக்கது.

சட்டம் ஓரளவு முந்திக்கொண்டது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், கண்டறியும் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தே தீர வேண்டிய நோய்களின் அட்டவணையில் பிசினோசிஸ் இடம்பெற்றிருந்தது. அமெரிக்காவோ நூற்பாலைக் காற்றில் கனமீட்டருக்கு 200 மைக்ரோகிராம் தூசு என்ற வரம்பை 1978இல்தான் விதித்தது. எனினும் அறிவிக்கும் கடமை, நோயாளி எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு உழைத்தார், ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதும் காற்றின் அளவு எவ்வளவு குறைகிறது என்று மருத்துவர் விசாரித்தால்தான் பயன்தரும். விசாரணை இல்லாத இடத்தில் அட்டவணை வெறும் காகிதமே.

சிறு தறிக்கூடங்களின் நிலை வேறு. நூற்பாலையின் அளவுக்குப் பஞ்சுத்தூசு அங்கு இல்லையாயினும், பாவிலிருந்து உதிரும் நூற்துகளும் கஞ்சித்தூளும், விசைத்தறியின் செவியைக் கெடுக்கும் இரைச்சலும் உண்டு. மின்விசையோடு 10 பேராவது வேலைசெய்யும் இடத்தையே 1948ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சாலையாகக் கொண்டது. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அவ்வெண்ணை 20ஆக உயர்த்தியது. வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் நான்கைந்து தறிகளை ஓட்டும் குடும்பம் இரண்டு கணக்கிலுமே தொழிற்சாலை ஆகாது.