கஞ்சிப்பாசியும் மைசூரின் பாசித்தொட்டிகளும்

கடல் காணாத மைசூர், இந்தியப் பாசி ஆராய்ச்சியின் வரலாற்றில் இடம்பெற்றது சற்றே வியப்புக்குரியது. 1950இல் அங்குள்ள செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1970களில் ஜெர்மானியக் கூட்டுறவுடன் எல்.வி. வெங்கடராமன் முதலானோர் அங்கே தொட்டிகளில் நுண்பாசிகளை வளர்த்தனர். அவற்றுள் ஸ்பைருலினா புகழ்பெற்றது. அவர்கள் தேடியது புரதம். ஊட்டக்குறைவே அக்காலத்தின் பெருங்கவலை. எனினும் உணவுத் தொழிலுக்குப் பாசியினம் அளித்த பெருங்கொடை புரதமன்று. நீர்மத்தைக் கெட்டிப்படுத்தும் பசையே. அதன் வரலாறு மன்னார் வளைகுடாவில் கிடக்கிறது.

கிராசிலேரியா எடுலிஸ் என்னும் செம்பாசிக்கு இராமநாதபுரக் கரையில் கஞ்சிப்பாசி என்று பெயர். கரையோர மக்கள் அதைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தனர். வேறு சான்று வேண்டாம், பெயரே போதும். 19ஆம் நூற்றாண்டின் மருந்து நூல்கள் இவ்வினத்துப் பாசியைச் ‘சிலோன் பாசி’ என்றும் ‘யாழ்ப்பாணப் பாசி’ என்றும் குறித்தன. இதிலுள்ள அகர் கொதிநீரில் கரைந்து, ஏறத்தாழ 40 பாகைக்குக் கீழே ஆறும்போது உறையும். உறைந்தபின் மீண்டும் உருக 85 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். இப்பண்பினால்தான் 1881–82இல் ஃபானி ஹெஸ்ஸே என்னும் பெண்மணி தம் அடுக்களை அனுபவத்திலிருந்து கூறிய யோசனை, ராபர்ட் கோஹ்ஹின் ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்ப்பு ஊடகமாயிற்று.

அதன்பின் உலகம் அகருக்கு ஜப்பானையே நம்பியிருந்தது. இரண்டாம் உலகப்போர் அவ்வழியை அடைத்ததும் இந்திய ஆய்வாளர்கள் உள்நாட்டுப் பாசியை நாடினர். கரைமக்கள் தலைமுறைகளாக அறிந்திருந்ததை அறிவியல் அறிய ஒரு போர் தேவைப்பட்டது! பின்னர் மண்டபத்தில் பணியாற்றிய பாசியியலாளர் பிரான்செஸ்கா திவி, குடிசைத் தொழிலாகவே அகர் எடுக்கத்தக்க எளிய முறையொன்றை வகுத்தார்.

1960களுக்குப்பின் மதுரைப் பகுதியில் அகர் ஆலைகள் எழுந்தன. அவற்றுக்கு மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும், ஆல்ஜினேட் எடுப்போர்க்குக் கட்டக்கோரையும் கொணர்ந்தவர் மீனவப் பெண்கள். விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பறிப்பது அவர்தம் தொழில். 1986இல் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, அவர்கள் பாசி பறித்த இடங்கள் தடைக்குட்பட்டன. பவளத்தைக் காப்பது இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயின் அதற்கான விலை ஒரு சாராரிடமே பெறப்பட்டது.

மாற்றுவழியாக வந்தது கப்பாஃபைகஸ் என்னும் அயற்பாசி. பாவ்நகரின் உப்பு, கடல் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் அதை மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தது. அடுத்த பத்தாண்டில் மகளிர் குழுக்கள் மூங்கில் மிதவைகளில் பயிரிட்டன. இது தரும் காராஜீனன் பாலின் கேசீனோடு பிணைந்து, சாக்லேட் பாலில் கோக்கோத்தூள் அடியில் படியாமல் தாங்கும். ஐஸ்கிரீம் உறையில் 407 என்ற எண்ணாகத் தென்படுவது இதுவே. 2008இல் அப்பாசி குருசடைத் தீவருகே பவளத்தின்மேல் படர்ந்திருப்பது பதிவாயிற்று. 2013க்குப்பின் கடல் வெப்பமுற்று மிதவைகளிலேயே பயிர் பெருமளவில் மடிய, பெண்கள் பலர் மீண்டும் துணி சுற்றிய விரல்களோடு பாறைகளை நாடினர்.