எட்டாவது உறை

தூதரகம் என்றதும் உயரமான மதில், துப்பாக்கி ஏந்திய காவலர், பறக்கும் கொடி... இவைதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த மதிலையும் காவலரையும் தாண்டி தினமும் சர்வ சாதாரணமாக உள்ளே போகும் ஒன்று உண்டு. அதுதான் தபால்! இன்று தூதரகங்களில் ஒரு கடிதம் பல சோதனைகளைத் தாண்டித்தான் மேசைக்கு வருகிறது. அந்தச் சோதனைகள் எப்படி வந்தன என்பது ஒரு சோகமான வரலாறு.

லண்டன், 1972

1972 செப்டம்பர் 5, 6 தேதிகளில் மூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய வீரர்களும் பயிற்சியாளர்களுமாக 11 பேர் கொல்லப்பட்டனர். செய்தது 'கறுப்பு செப்டம்பர்' என்ற பாலஸ்தீன ஆயுதக் குழு. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள், செப்டம்பர் 19 அன்று அடுத்த செய்தி வந்தது. இம்முறை லண்டனிலிருந்து.

அங்குள்ள இஸ்ரேல் தூதரக ஊழியர்களின் பெயருக்கு ஆம்ஸ்டர்டாமிலிருந்து எட்டு உறைகள் அனுப்பப்பட்டிருந்தன. எட்டிலும் வெடிகுண்டு! நான்கு உறைகள் தபால் நிலையத்திலேயே பிடிபட்டன. மற்ற நான்கு தூதரகத்துக்குள் வந்துவிட்டன. அவற்றிலும் மூன்று தபால் அறையில் பிடிபட்டன. மிஞ்சியது ஒன்றே ஒன்று. அது அமி ஷச்சோரி என்பவரின் மேசைக்குப் போனது.

ஷச்சோரி ராணுவ அதிகாரியோ உளவாளியோ அல்ல. தூதரகத்தின் விவசாய ஆலோசகர். ஹாலந்திலிருந்து பூ விதைகள் வேண்டும் என்று ஏற்கனவே சொல்லி வைத்திருந்தார். ஹாலந்து முத்திரையோடு ஒரு உறை வந்தால் என்ன நினைப்பார்? விதைகள் வந்துவிட்டன என்று நினைத்துப் பிரித்தார். மேசையில் ஓட்டை விழும் அளவுக்கு குண்டு வெடித்தது. வயிற்றிலும் மார்பிலும் பட்ட காயங்களால் அவர் இறந்துபோனார்.

எட்டில் ஏழு பிடிபட்டது பெரிய வெற்றி போலத் தோன்றும். ஆனால் தபால் விஷயத்தில் எட்டுக்கு ஏழு என்பது தேர்ச்சி அல்ல. "எதிர்பார்க்காத பார்சலைப் பிரிக்காதே" என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. ஷச்சோரி அதை மீறவில்லை. அவர் எதிர்பார்த்த பார்சல்தான் அது... அப்படித்தான் அவர் நம்பினார்! பெறுபவரின் ஜாக்கிரதையை மட்டும் நம்பி இருக்க முடியாது, உறை அவரிடம் போகும் முன்பே சோதிக்கப்பட வேண்டும் என்பதை அந்த ஒரு உறை காட்டிவிட்டது.

சட்டம் காக்காத இடம்

1961-ல் உருவான வியன்னா ஒப்பந்தம் தூதரகங்களுக்குப் பல பாதுகாப்புகளைத் தருகிறது. தூதரகத் தலைவர் சம்மதிக்காமல் அந்த நாட்டுப் போலீஸ்கூட உள்ளே நுழைய முடியாது. முத்திரையிட்ட தூதரகப் பையை யாரும் திறக்கவோ நிறுத்தி வைக்கவோ கூடாது. ஆனால் தபால்தலை ஒட்டி வரும் சாதாரணக் கடிதத்துக்கு இந்தச் சட்டத்தால் என்ன செய்ய முடியும்? அது யார் கையிலிருந்தும் வரலாம். எனவே முதல் சோதனையைத் தூதரகமே செய்தாக வேண்டும்.

அடுத்த ஆண்டே இன்னொரு சம்பவம். 1973 ஆகஸ்ட் 27 அன்று வாஷிங்டனில் உள்ள பிரிட்டிஷ் தூதரகத்தில் கடித வெடிகுண்டு வெடித்து, செயலாளராக இருந்த ஒரு பெண் தன் கையை இழந்தார். உறையின் மேல் யார் பெயர் இருந்தாலும், அடி விழுவது அதைப் பிரிப்பவர் மீதுதான்.

பொடி வந்த காலம்

வயரையும் உலோகத்தையும் எக்ஸ்ரே காட்டிவிடும். 2001-ல் வந்த ஆபத்தில் இரண்டுமே இல்லை. அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமிப் பொடி தடவிய கடிதங்கள் தபாலில் போடப்பட்டன. 5 பேர் இறந்தனர், 17 பேர் நோயுற்றனர்.

செனட்டர் பேட்ரிக் லீஹிக்கு அனுப்பப்பட்ட கடிதத்தின் அஞ்சல் குறியீடு 20510. இயந்திரம் அதை 20520 என்று தவறாகப் படித்தது. ஒரே ஒரு எண்! கடிதம் வெளியுறவுத் துறையின் தபால் நிலையத்துக்குப் போய்விட்டது. வெளிநாடுகளில் உள்ள தூதரகங்களுக்குத் தபால் பிரியும் இடம் அது. அங்கே அந்த உறையை யாரும் பிரிக்கவே இல்லை. ஆனாலும் ஒரு ஊழியருக்கு நுரையீரல் ஆந்த்ராக்ஸ் வந்தது. இயந்திரத்தில் அழுந்தும்போது காகிதத்தின் நுண்துளைகள் வழியே பொடி கசிந்துவிடும். நல்லவேளை, அவர் பிழைத்துக்கொண்டார். லித்துவேனியாவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்துக்குப் போன தபால் பையில்கூட கிருமியின் தடயம் கிடைத்தது. அதன் பிறகு அமெரிக்க அரசு அலுவலகங்களுக்கு வரும் தபாலைக் கதிர்வீச்சால் சுத்தம் செய்யும் முறை வந்தது.

என்ன செய்ய வேண்டும்?

இத்தனை அனுபவங்களிலிருந்து பிறந்த விதிகள் மிக எளிமையானவை.

* அனுப்பியவர் முகவரி இல்லாமை, தேவைக்கு அதிகமான தபால்தலை, எண்ணெய்க் கறை, விநோத வாசனை, ஒரு பக்கம் மட்டும் கனம்... இவை எச்சரிக்கை அடையாளங்கள்.
* சந்தேகம் வந்தால் குலுக்கக்கூடாது, முகர்ந்து பார்க்கக்கூடாது, தண்ணீரில் போடக்கூடாது. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எல்லோரையும் வெளியேற்றி, நிபுணர்களை அழைக்க வேண்டும்.
* பொடி சிந்தினால் மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்தி, கதவைச் சாத்தி, கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். அறையில் இருந்தவர்களின் பெயர்களைக் குறித்து வைக்க வேண்டும்.
* தபால் அறை மற்ற அறைகளிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

மாட்ரிட், 2022

2022 நவம்பர் 30 அன்று மாட்ரிட்டில் உள்ள உக்ரைன் தூதரகத்துக்கு, தூதர் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. அது தூதரின் மேசைக்குப் போகவில்லை. பாதுகாப்புப் பொறுப்பாளர் அதை வெளியே, ஆட்கள் இல்லாத இடத்துக்கு எடுத்துப்போய்த் திறந்தார். 'க்ளிக்' என்று சத்தம் கேட்டதும் தூக்கி எறிந்தார். வெடித்தது! கையில் காயம்பட்டாலும் உயிர் பிழைத்தார்.

லண்டனில் ஒருவர் மேசையில் உட்கார்ந்து பிரித்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து மாட்ரிட்டில் ஒருவர் வெளியே போய்ப் பிரித்தார். இடையில் இருப்பது சில அடி தூரமும் ஒரு சின்ன விதியும்தான். பூ விதைக்காகக் காத்திருந்த ஒரு மனிதருக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.