காற்றேறி வந்த சிவரஞ்சனி – 3
வியாழக்கிழமைக் கச்சேரி

சென்ற வாரம் வால்டர் காஃப்மனைப் பம்பாயில் இறக்கிவிட்டு நிறுத்தியிருந்தோம். ஆண்டு 1934, வயது 27. செக்கோஸ்லோவாகியாவின் கார்ல்ஸ்பாட்காரர். பெர்லினில் இசை படித்து, புரூனோ வால்டர் என்ற பெரிய நடத்துனரிடம் உதவியாளராக இருந்தவர். பிராகில் இசையமைப்பாளர் மாலரைப் பற்றி ஆய்வேடு எழுதி முடித்த பிறகு, தன் பேராசிரியர் நாஜிப் பக்கம் சாய்ந்தவர் என்று தெரிந்ததும் பட்டமே வேண்டாமென்று உதறிவிட்டு வந்த யூதர். உலகத்தில் எத்தனையோ நாடு இருக்க இந்தியா எதற்கு என்று கேட்டால், விசா சுலபமாகக் கிடைத்தது என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

நம் சங்கீதத்தை இசைத்தட்டில் முதலில் கேட்டபோது அவருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அதோடு விட்டிருந்தால் இந்தத் தொடரே கிடையாது. கோடிக்கணக்கான பேர் மனம்விட்டுக் கேட்கிற இசை தனக்கு மட்டும் பிடிபடவில்லையென்றால் கோளாறு தன்னிடம்தான் என்று முடிவுகட்டினார் மனிதர். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களில் இப்படி நினைத்தவர்கள் அபூர்வம்.

வந்த வருஷமே பம்பாய் சேம்பர் மியூசிக் சொசைட்டியைத் தொடங்கினார். வில்லிங்டன் ஜிம்கானாவில் வியாழக்கிழமைதோறும் கச்சேரி. பியானோவில் காஃப்மன், செல்லோவில் இத்தாலியர் வெர்கா, வயலினில் மெஹ்லி மேத்தா என்ற பார்சி. 1936இல் மேத்தாவுக்கு ஒரு பையன் பிறந்தான். பின்னாளில் உலகமெங்கும் இசைக்குழுக்களை நடத்திய ஜுபின் மேத்தா அவன்தான்.

1937இல் காஃப்மன் பம்பாய் வானொலியின் மேற்கத்திய இசைப் பிரிவுக்குத் தலைவரானார். நிலையம் திறந்ததும் வருமே, அந்த இசை அவருடையது. முதலில் தம்புரா சுருதி. அதன்மேல் தனியாக வயலின் ஏறும். ஏறிய இடத்தில் சற்று நின்று, மறுபடி இறங்கும். சிவரஞ்சனி: மத்யமம் இல்லை, நிஷாதம் இல்லை, ஐந்தே ஸ்வரம். வாசித்தது மேத்தா என்பார்கள். அமைத்தவர் யார் என்பதில் டாகூர் பல்வந்த் சிங், வி.ஜி.ஜோக் என்று வேறு பெயர்களையும் சிலர் சொல்வதுண்டு. என் ஓட்டு காஃப்மனுக்கே.

புதுச்சேரிப் பகுதியான நம் நெட்டப்பாக்கத்தில் அப்போது பிரெஞ்சுக் கொடி. கரும்புக்கொல்லையில் நடந்து வரப்பு ஒன்றைத் தாண்டினால் பிரிட்டிஷ் இந்தியா. 1938இல் சென்னை நிலையமும் 1939இல் திருச்சி நிலையமும் ஒலிபரப்பைத் தொடங்கின. ஆளுக்குத்தான் எல்லைச் சாவடி, அலைக்கு ஏது? 1954 மார்ச் இறுதியில் புதுச்சேரி அரசியல் தலைவர் குபேர் இங்கே வந்து மூவர்ணக் கொடி ஏற்றியபோது, இந்தியாவின் வானொலி இந்தக் காற்றில் நுழைந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. புதுச்சேரிக்குச் சொந்த நிலையம் கிடைக்க 1967 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கதைக்குத் திரும்புவோம். 1938 இலையுதிர்காலம். மியூனிக் ஒப்பந்தத்தில் நாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள். காஃப்மன் பிறந்த கார்ல்ஸ்பாட் ஹிட்லர் கைக்குப் போயிற்று. அரை வருஷம்கூட ஆகவில்லை, 1939 மார்ச் 15, புதன்கிழமை, பிராக் நகரத்துக்குள்ளேயே ஜெர்மன் படை நுழைந்தது. அவருக்குக் கடவுச்சீட்டு கொடுத்த நாடு வரைபடத்தில் இல்லாமல் போனது.

ஒன்றை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். காஃப்மனின் மனைவி கெர்ட்டி, எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்காவின் தங்கை எல்லியின் மகள். காஃப்கா 1924இலேயே இறந்துவிட்டார். அவருடைய தங்கைகள் மூன்று பேரும் அந்தப் புதன்கிழமை உயிரோடு இருந்தார்கள், ஹிட்லர் பிடிக்குள்.

எல்லி தப்பினாரா? ஊர் பறிபோன மருமகன் எந்தப் பனிதேசத்துக்குப் போய் ஒரு புது இசைக்குழுவைக் கட்டியெழுப்பினார்? அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)