'அர்னீ' எங்கே இருக்கிறது?



சென்ற டிசம்பரில் பி பிளாக்கில் ஒரு வீட்டுக்கு தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு அம்மாள் விருந்தினராக வந்திருந்ததை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். காலையில் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு பார்க்கைச் சுற்றி நடப்பார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. தமிழ் பேச வராது. ஆனால் பாட்டியை 'ஆயா' என்றுதான் சொல்வார். ஒரு நாள் நடைபாதையில் என்னை நிறுத்தி, கைப்பேசியில் ஒரு பக்கத்தைக் காட்டி, "அங்கிள், இந்த இடம் எங்கே இருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்தில் கோடு போட்ட கட்டங்கள். ஒரு கட்டத்தில் 'அர்னீ' என்று இருந்தது.

முப்பத்தேழு வருடம் வங்கியில் லெட்ஜரோடு வாழ்ந்தவன் நான். கோடு போட்ட பக்கத்தைப் பார்த்தால் கண் தானாக நிற்கும். அதில் இரண்டு வருடம் வடாற்காட்டில் வேலை பார்த்ததால் உடனே புரிந்தது. அது நம் ஆரணி.

அவர் காட்டியது கப்பல் பட்டியலின் ஒரு பக்கம். நேட்டால் அன்று பிரிட்டிஷ் காலனி. அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. சென்னையில் ஏறியவர்களுடன் 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளத் தழும்பு. பிறகு எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பது.

இன்று வங்கிக் கணக்கு தொடங்க நாம் கொடுக்கும் விவரங்களைவிட இது அதிகம் என்று எனக்குத் தோன்றியது. காரணம் ஒன்றுதான். ஆளைத் தொலைத்துவிட்டால் தேடிப் பிடிக்க வேண்டும். கடன் கொடுத்தவன் எழுதிய கணக்குப் புத்தகம் இது. கடன்பட்டவன் பேரப்பிள்ளைகள் படிப்பார்கள் என்று நினைத்து யாரும் எழுதவில்லை. அப்படியும் அந்த 51 வருடத்துப் பட்டியல்கள் பெருமளவு மிஞ்சியிருக்கின்றன. சுரேந்திர பானா என்ற வரலாற்று ஆய்வாளர் 1902 வரையிலான பட்டியல்களை ஆராய்ந்து 1991இல் ஒரு நூலே எழுதினார். டர்பனில் உள்ள குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் பட்டியல்களைத் தட்டச்சு செய்து தேடும்படி வைத்திருக்கிறது.

தேடுவது சுலபம் என்று நினைக்காதீர்கள். எழுதிய குமாஸ்தாவுக்குத் தமிழ் காதில் விழுந்தபடிதான் எழுத்து. கவுண்டர் 'கோவெந்தர்' ஆனார், முதலியார் 'மூட்லி' ஆனார், நாயுடு 'நைடூ' ஆனார். முனுசாமி என்ற ஒருவரின் சொந்தப் பெயர் அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயராகி 'மூன்சாமி' என்று நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தைப் பிற்காலத்தில் பார்த்துத் தட்டச்சு செய்தவர் இன்னொரு எழுத்தை மாற்றியிருப்பார். எங்கள் கிளையில் லெட்ஜரிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறிய வருடம் எத்தனை வாடிக்கையாளர்கள் பெயர் மாறிப்போனது என்பதை நினைத்தால் எனக்கு யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. அதனால் பெயரை வைத்துத் தேடாதீர்கள், எண்ணை வைத்துத் தேடுங்கள். வீட்டில் பழைய விடுதலைச் சீட்டோ திருமணப் பதிவோ இருந்தால் அதில் அந்த எண் இருக்கும். எண்ணுக்கு எழுத்துப்பிழை வருவது குறைவு.

ஜில்லாவிலும் ஒரு சிக்கல் உண்டு. 'வடாற்காடு' என்று இருந்தால் நாம் வேலூர், திருவண்ணாமலை என்று நினைப்போம். 1911 வரை சித்தூரும் அதில்தான் இருந்தது. அதனால் தெலுங்குக் குடும்பமாகவும் இருக்கலாம். 'செங்கல்பட்டு' என்றால் இன்றைய காஞ்சிபுரம், திருவள்ளூர் எல்லாம் அடங்கும். நம் அடுக்ககம் நிற்கும் நிலமும் ஒரு காலத்தில் அந்த ஜில்லாதான்.

கப்பல் பட்டியல் ஒரு முனை. இன்னொரு முனை மரணப் பதிவு. அந்த நாட்டில் ஒருவர் இறந்தால் சொத்து விவகாரத்துக்காக உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்தில் ஒரு படிவம் தர வேண்டும். இறந்தவர் பெயர், பிறந்த ஊர், பெற்றோர் பெயர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் பெயர் எல்லாம் அதில் வரும். வம்சம் தேடுகிறவர்களுக்கு அது ஒரு புதையல். நேட்டால் கோப்புகள் பீட்டர்மரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இருக்கின்றன. காப்பகத்தின் இணைய அட்டவணையில் கோப்பு எண் மட்டுமே கிடைக்கும், கோப்பை நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அல்லது அங்கே ஆள் வைத்துப் படியெடுக்க வேண்டும். பல படிவங்களை ஃபேமிலிசர்ச் என்ற தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் பிறந்த ஊர் என்ற கட்டத்தில் திரும்பத் திரும்ப வருவது 'மெட்ராஸ்'. சொல்பவர் மகன். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா கப்பல் ஏறிய துறைமுகம்தான்.

இது தமிழர்களுக்கு மட்டும் உள்ள வழி அல்ல. கேப் டவுன் காப்பகத்தில் டச்சுக்காரர் காலத்துச் சொத்துப் பட்டியல்கள் இருக்கின்றன. அங்கே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்கு ஊரையே பெயராக வைத்தார்கள். 'வங்காளத்தைச் சேர்ந்த', 'மலபாரைச் சேர்ந்த', 'கரையைச் சேர்ந்த' என்று. அந்தக் கரை நம் சோழமண்டலக் கரைதான். அங்கே மனிதர்கள் மாடு, மேசை, நாற்காலிகளோடு விலை போட்டு எழுதப்பட்டிருப்பார்கள். அதைத் தேடுகிறவர்களின் வேலை இன்னும் கடினம்.

டர்பன் அம்மாள் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் குடும்பத்தில் சொல்லப்பட்ட கதை இது: கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும் கைக்குழந்தையோடு ஒரே கப்பலில் வந்தார்கள். குடும்பப் பெயர் அந்தக் கொள்ளுத்தாத்தாவுடையது. 90 வயதை நெருங்கும் ஒரு சித்தப்பா இருக்கிறார். ஒவ்வொரு பொங்கலுக்கும் பிள்ளைகளை உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்வாராம்.

பட்டியல் வேறு சொல்கிறது. அந்தப் பெண் 1898இல் தனியாக வந்திருக்கிறாள். வயது 20. கூட ஒரு வயதுப் பையன். பையனின் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் தாயின் எண். கொள்ளுத்தாத்தா வந்தது 1902இல், வேறு ஜில்லாவிலிருந்து, வேறு கப்பலில். 1904இல் இருவரும் இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகத்தில் திருமணத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டு எண்களும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஆகவே அந்தப் பையன், அதாவது இந்த அம்மாளின் தாத்தா, அவருக்குப் பிறந்தவர் இல்லை.

அவள் ஏன் தனியாகப் போனாள் என்று பட்டியலில் கட்டம் இல்லை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது போக வேண்டும் என்பது அரசின் விதி. அதனால் ஆள் பிடிப்பவர்கள் கைம்பெண்களையும் கைவிடப்பட்டவர்களையும் தேடினார்கள். சம்பளம் ஆணுக்கு முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம். (நம் 'லாஸ் ஆஃப் பே' எவ்வளவோ தேவலை.) ஐந்து வருட ஒப்பந்தம் 1903இல் முடிகிறது. 1895 சட்டப்படி அதற்குப் பிறகு மூன்று வழிகள்: மறுபடி ஒப்பந்தம், ஊர் திரும்புதல், அல்லது வருடத்துக்கு 3 பவுன் வரி. 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். மாதம் 5 ஷில்லிங் வாங்கிய பெண்ணுக்கு அது முதல் வருடச் சம்பளம் முழுவதும். இந்த வரி 1914 வரை எடுக்கப்படவில்லை. கையில் ஆறு வயதுப் பையன். அடுத்த வருடம் கல்யாணம்.

அந்தக் கல்யாணத்தைப் பதிவு செய்ததும் நல்லதாகப் போயிற்று. 1913இல் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சர்ல், கிறிஸ்தவ முறையில் நடக்காத, பதிவும் ஆகாத திருமணங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தார். எத்தனையோ மனைவிகள் ஒரே நாளில் மனைவிகள் இல்லாமல் போனார்கள். காந்தியின் போராட்டத்தில் பெண்கள் சிறைக்குப் போனதற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்றதும் அந்த 1913இல்தான்.

அந்த அம்மாள் என்னிடம் கேட்டது ஊர் மட்டும் அல்ல. சாப்பாட்டு மேஜையில் பட்டியலைக் காட்டும்போது ஒரு கட்டத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டே காட்டினார். அது சாதிக் கட்டம். உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் (நம் ஆள்தான், பெயர் வேண்டாம்) "அதில் என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கைப்பேசியைத் திருப்பி வைத்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி: "சித்தப்பாவிடம் சொல்லலாமா?"

எனக்கு என்ன அனுபவம்? லெட்ஜரில் தவறான பதிவு இருந்தால் சுரண்டி அழிக்கக் கூடாது. பழையது படிக்கும்படி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அதைத்தான் சொன்னேன். பழைய கதையையும் விட்டுவிடாதீர்கள் என்றேன். பிள்ளையைத் தன் பெயரில் வளர்த்த மனிதரும் கணக்கில் இருக்க வேண்டுமே.

கிராமம் என்ற கட்டத்தில் 'பூதூர்' என்று இருந்தது. புதூர்தான். புதூர் இல்லாத தாலுகா தமிழ்நாட்டில் உண்டா? ஆரணியைச் சுற்றிலும் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. நம் பி பிளாக் நண்பர் காரில் அவரை ஒரு புதூருக்கு அழைத்துப் போனார். ஏரிக்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். டீக்கடையில் ஒரு பெரியவர், "எந்த வகையறா?" என்று விசாரித்தாராம். நண்பர் பேச்சை மாற்றிவிட்டார்.

பிப்ரவரியில் டர்பனிலிருந்து செய்தி வந்தது. சித்தப்பாவிடம் சொல்லியாயிற்று. இரண்டு நாள் அவர் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, ஆயாவின் ஊர் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதி வாங்கித் தரச் சொன்னாராம். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஒரு வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் 'புதூர், ஆரணி' என்று பெரிதாக எழுதி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பூஜை அறையில் மாட்டியிருக்கிறார்களாம்.

ஆரணிப் பக்கத்து நண்பர்கள் நம் குடியிருப்பில் நான்கைந்து குடும்பமாவது இருக்கிறீர்கள். உங்கள் ஊர்ப் பக்கம் 'கப்பலுக்குப் போனவள்' என்று ஏதாவது பேச்சு பெரியவர்கள் வாயில் கேட்டிருந்தால், சங்க அலுவலகத்தில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் நான் அங்கேதான் இருப்பேன்.