134/86: கோட்டை யார் போட்டது?

போன மாதம் எங்கட பீடத்தில் நடந்த மருத்துவ முகாமில், எங்கள் கூட்டத்தில் ஒருத்தனுக்கு 134/86 என்று எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்தில் "கொஞ்சம் கூட" என்று ஒரு குறிப்பு. இருபத்திரண்டு வயசுப் பொடியன், பின்னேரம் கன்ரீனில் றோல்ஸைத் தள்ளி வைத்துவிட்டு இருந்தான். "பிரஷர் எண்டா அம்மம்மாக்கு வாற வருத்தமெல்லோ?" என்று கேட்டான். வரலாறு படிக்கிற நாங்கள் மருந்து சொல்ல ஏலாது. அந்தக் "கொஞ்சம்" எங்கே இருந்து வந்தது என்று தேடலாம்தானே.

1733 இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் தன் பரிசோதனைகளைப் புத்தகமாக வெளியிட்டார். உயிரோடு கட்டிப்போட்ட பெண்குதிரை ஒன்றின் கால் நாடியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தியிருக்கிறார். இரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறியது. வாசிக்கவே வயிற்றைக் குமட்டுது. மனிதருக்கு இப்படிச் செய்ய முடியுமா? 1896 இல் இத்தாலியரான ரிவா-றொச்சி கைப்பட்டியையும் இரசமானியையும் கொண்டுவந்தார். 1905 இல் ரஷ்ய மருத்துவர் கொரோற்கொவ் பட்டிக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். சத்தம் தொடங்கும் இடம் மேல் எண், மறையும் இடம் கீழ் எண்.

அளக்கப் பழகியாச்சு. ஆனால் கூடினால் அது நோயா? வயசு போகப் போக ஒடுங்கும் குழாய்களுக்குள்ளால் இரத்தத்தைத் தள்ள அந்த அழுத்தம் தேவை என்றே பல மருத்துவர்கள் நம்பினார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றுக்கு 1937 இல் 162/98, 1941 இல் 188/105. வயசுக்குச் சரி என்று அவருடைய மருத்துவர் விட்டுவிட்டார். 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தம் கசிந்து அவர் இறக்கும்போது 300/190. உலகப் போரை நடத்தின மனுசனுக்கே இதுதான் கவனிப்பு!

1948 இல் அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் ஊரில் 5,209 பேரைப் பின்தொடரத் தொடங்கிய ஆய்வுதான் அந்த நம்பிக்கையை உடைத்தது. அழுத்தம் ஏற ஏற மாரடைப்பும் பக்கவாதமும் கூடின. 1950களில் பிரித்தானியாவில் பிளாற், பிக்கரிங் என்ற இரு மருத்துவர்களுக்கு இடையே பெரிய சண்டை. இது தனி நோய், பரம்பரையாக வருவது என்றார் பிளாற். இல்லை, உயரம் மாதிரி எல்லாரிடமும் கூடிக் குறைந்து இருப்பது, கோட்டைப் போடுவது நாங்கள்தான் என்றார் பிக்கரிங். எங்கட ஓட்டு பிக்கரிங்குக்கு. ஏனென்றால் கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2017 இல் அமெரிக்கர்கள் அதை 130/80 க்கு இறக்கினார்கள், ஐரோப்பியர்கள் 140/90 இலேயே நின்றார்கள். ஆக, எங்கட பொடியன் அங்கே போனால் நோயாளி, இங்கே நின்றால் "கொஞ்சம் கூட".

கோடு மனிதர் போட்டது என்பதற்காக ஆபத்தும் கற்பனை என்று நினைக்கக் கூடாது, ரூஸ்வெல்ற்றின் மருத்துவர் செய்த பிழை அதுதான். ஆனால் ஒரே ஒரு தரம் அளந்து யாரையும் நோயாளி ஆக்கவும் ஏலாது. முகாமன்று அவன் மூன்று மாடி ஏறி வந்து, கதைச்சுக்கொண்டே கையை நீட்டினவன். பிறகு ஒரு நாள் ஐந்து நிமிசம் சும்மா இருத்தி, காலை நிலத்தில் வைக்கச் சொல்லி அளந்தபோது 124/78. அமெரிக்கக் கணக்கில் இதுவும் கொஞ்சம் உயர்ந்ததுதான். அடுத்த மாதம் திரும்ப அளக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். நாங்களும் கூடப் போகிறோம், எங்கட எண் எங்களுக்கும் தெரியாது.